மேயும் வேலியிலும் பொட்டு விழும்: லூப்பஸ் நோயும் குறைந்துபோகும் பிறபொருளெதிரிகளும்

“வேலியே பயிரை மேய்ந்தது போல” என்பது எம்மவர் அன்றாடம் வழங்கும் முதுமொழி. உடலைக் காக்கவேண்டிய நோயெதிர்ப்பு அமைப்பு அவ்வுடலையே தாக்கும் லூப்பஸ் நோயை விளக்க இதைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பதரிது. ஆயினும் இம்முதுமொழி நோயின் ஒரு பாதியையே சொல்கிறது. பயிரை மேயும் அந்த வேலி, வெளியிலிருந்து வரும் கட்டாக்காலி மாடுகளையாவது ஒழுங்காக மறிக்கிறதா என்று அது கேட்பதில்லை. லூப்பஸ் நோயாளர் பலரிடத்தில் அந்த வேலியிற் பொட்டுகளும் விழுந்திருக்கின்றன என்பதே மறுபாதி.

தன்னுடலைத் தாக்கும் பிறபொருளெதிரிகள் மிகுந்துள்ள ஒருவரிடத்திலேயே, கிருமிகளைத் தாக்கும் பிறபொருளெதிரிகள் குறைந்திருக்கவும் கூடும். முரணாகத் தோன்றும் இவ்வுண்மையை நோயாளரும் அவர்தம் குடும்பத்தினரும் அறிந்திருப்பது உயிரோடு தொடர்புடைய விடயமாகும். இதற்கான சான்று டென்மார்க்கிலேயே உண்டு. சோரன் யாக்கொப்சனும் அவரது சக ஆய்வாளர்களும் அந்நாட்டின் 513 லூப்பஸ் நோயாளரைச் சராசரியாக 8.2 ஆண்டுகள் அவதானித்து, 1999ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அக்காலப்பகுதியில் இறந்தோர் 122 பேர். தீவிரமடைந்த லூப்பஸால் 19 பேரும், அந்நோயால் உறுப்புகள் செயலிழந்து 16 பேரும், இருதய, குருதிக்குழாய் நோய்களால் 32 பேரும் இறந்தனர். தொற்றுநோய்களால் இறந்தோர் 25 பேர். அதாவது, இறந்த ஐவரில் ஒருவரைக் கொண்டுசென்றது கிருமியே. சிகிச்சை முறைகள் அதன்பின் பெரிதும் மேம்பட்டுள்ளன. எனினும் லூப்பஸ் நோயாளரின் இறப்புக்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகத் தொற்று இன்றும் நீடிக்கிறது.

கொப்பன்ஹேகன் கற்றுத்தந்த பாடம்

பிறபொருளெதிரி என்பது யாது? இதனை உலகுக்கு விளக்கியதில் டென்மார்க்கின் தலைநகருக்குப் பெரும் பங்குண்டு.

கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில், தொண்டைக்கரப்பான் எனப்படும் டிப்தீரியா நோய் ஐரோப்பியக் குழந்தைகளை வாரிச் சென்றது. அந்நோயின் நஞ்சைச் சிறுசிறு அளவிற் குதிரைக்கு ஏற்றினால், குதிரையின் குருதியில் நஞ்சை முறிக்கும் பொருள் உண்டாகும் என்பது 1890களில் அறியப்பட்டிருந்தது. அக்குருதிநீர் மனிதரைக் காப்பாற்றுமா என்பதை யொஹான்னஸ் ஃபீபிகர் என்னும் வைத்தியர் கொப்பன்ஹேகனின் பிளெய்டம் வைத்தியசாலையிற் சோதித்தார். ஒருநாள் அனுமதிக்கப்பட்டோருக்குக் குதிரைக் குருதிநீரை வழங்கி, மறுநாள் வந்தோருக்கு வழங்காது, மாறிமாறி ஓராண்டு இச்சோதனை நடந்தது. 1898இல் வெளியான முடிவின்படி, குருதிநீர் பெற்ற 239 பேரில் இறந்தோர் 8 பேர். பெறாத 245 பேரில் இறந்தோர் 30 பேர். குதிரையிடம் இரவல் வாங்கிய அந்தப் பொருளே பிறபொருளெதிரி. அதனைத் தயாரிப்பதற்கென 1902இல் கொப்பன்ஹேகனில் அமைக்கப்பட்டதுதான் அரச குருதிநீர் நிறுவகம்.

அந்நிறுவகத்திற் பணியாற்றிய நீல்ஸ் யேர்ன, 1954ஆம் ஆண்டின் மாலையொன்றில் கினிப்பல்ஸ்புரோ பாலத்தின் வழியே வீடு நோக்கி நடக்கையில் தமக்கு ஒரு கருத்து உதித்ததாகப் பின்னாளில் எழுதினார். கிருமி உட்புகுந்த பின்னரே அதற்கேற்ற பிறபொருளெதிரியை உடல் வார்த்தெடுக்கிறது என அதுவரை பலரும் நம்பினர். யேர்னவோ, எண்ணற்ற வகைப் பிறபொருளெதிரிகள் உடலில் ஏற்கெனவே உள்ளன, தனக்குப் பொருந்துவதைக் கிருமி தெரிந்தெடுக்கிறது, தெரிந்தெடுக்கப்பட்டது பெருகுகிறது என்றார். 1955இல் அக்கருத்து அச்சேறியது. தெரிவுக்குள்ளாவது கலமே என அவுஸ்திரேலியாவின் பேர்னட் 1957இல் அதனைத் திருத்தி விரித்தார். 1984இல் யேர்னவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

லூப்பஸ் நோயின் வேரும் இக்கருத்தினுள் ஒளிந்துள்ளது. எல்லா வகைப் பிறபொருளெதிரிகளும் முன்கூட்டியே தோன்றுமாயின், தன்னுடலோடு பொருந்துபவையும் அவற்றிடையே தோன்றியே தீரும். அவற்றை உற்பத்தியாக்கும் கலங்களை இனங்கண்டு நீக்குவதோ அடக்கிவைப்பதோ உடலின் அன்றாடக் கடமை. லூப்பஸில் தவறுவது அக்கடமையே.

கலங்கள் எங்கே பிழைக்கின்றன?

எமது உடலில் நாள்தோறும் கோடானுகோடி கலங்கள் இறக்கின்றன. இறந்த கலங்களைத் தின்கலங்கள் உடனுக்குடன் அப்புறப்படுத்திவிடும். லூப்பஸ் நோயாளரிடத்தில் இத்துப்புரவுப் பணி தாமதமடைகிறது. கலத்தின் கருவினுள்ளே மறைந்திருக்கவேண்டிய டிஎன்ஏ போன்ற பொருட்கள் வெளியே கிடக்கின்றன. 1948இல் அமெரிக்காவின் மாயோ வைத்தியசாலையில் மல்கம் ஹார்கிரேவ்ஸ் குழுவினர், வேறொரு கலத்தின் கருவை விழுங்கிய வெண்குருதிக்கலங்களை லூப்பஸ் நோயாளரின் என்பு மச்சையிற் கண்டு விவரித்தனர். இந்நோயை ஆய்வுகூடத்தில் இனங்காண வழிதிறந்த கண்டுபிடிப்பு அதுவே.

வெளியே கிடக்கும் கருப்பொருளை அந்நியன் எனக் கருதும் பீ கலங்கள், அதற்கெதிரான பிறபொருளெதிரிகளைச் சுரக்கின்றன. ரி கலங்களிற் சில அவற்றை ஊக்குகின்றன. அடக்கவேண்டிய ரி கலங்கள் வலுவிழக்கின்றன. வைரசு புகுந்தாற் சுரக்கவேண்டிய இன்ரபெரோன் என்னும் புரதம், வைரசு இல்லாமலே ஓயாது சுரக்கிறது. மேய்ச்சல் இவ்வாறு நடைபெறுகிறது.

அதே வேளையில் காவல் தளர்கிறது. லூப்பஸ் தீவிரமடையும்போது குருதியில் நிணநீர்க்கலங்களின் எண்ணிக்கை பெரும்பாலும் வீழ்ச்சியடையும். வைரசுகளை எதிர்கொள்ளும் இயற்கைக் கொல்லிக் கலங்கள் குறைகின்றன. கிருமிகளைத் துளைத்தழிக்கும் நிரப்புப் புரதங்கள் தன்னுடலோடு நடக்கும் போரிலேயே செலவாகிவிடுகின்றன. குருதி அறிக்கையிற் சீ3, சீ4 என்பன தாழ்ந்து காணப்படுவது இதனாலேயே. நியூமோனியாக் கிருமிகளைக் குருதியிலிருந்து வடித்தெடுக்கும் மண்ணீரலும் சிலரிடத்திற் செயல் மங்கிவிடுகிறது.

இவற்றோடு பிறப்புரிமையாக வரும் குறைகளும் சேரலாம். கிருமியின் மேற்பரப்பிலுள்ள வெல்லங்களைப் பற்றிப் பிடிக்கும் ஒரு புரதம் குருதியில் உண்டு. அதன் பரம்பரையலகுகள் இரண்டும் மாறுபட்டுள்ள லூப்பஸ் நோயாளருக்குத் தொற்றுகள் அதிகம் நேர்கின்றன என்று கொப்பன்ஹேகனின் பீற்றர் கரெட் குழுவினர் 1999இல் டென்மார்க் நோயாளரிடத்திலேயே எடுத்துக்காட்டினர். ஒரே நோய்ப் பெயரைத் தாங்கும் இருவருக்குத் தொற்றின் ஆபத்து ஒரே அளவினதாக இராது என்பதே இதிலிருந்து நாம் அறியவேண்டியது.

பிறபொருளெதிரி குறையும் நான்கு வழிகள்

குருதியிலுள்ள பிறபொருளெதிரிகள் இமியூனோகுளோபியூலின் என்ற பெயரில் அளக்கப்படுகின்றன. அவற்றுள் ஜி, ஏ, எம் என்னும் மூன்று வகைகள் முதன்மையானவை. ஜி வகையே அளவில் மிகுந்தது. வளர்ந்தோரின் ஒரு லீற்றர் குருதிநீரில் ஏறத்தாழ 7 முதல் 16 கிராம் வரை இருக்கும். இவ்வெல்லை ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் சற்று வேறுபடும். ஏ வகை மூக்கு, தொண்டை, குடல் ஆகியவற்றின் மென்சவ்வுகளைக் காக்கிறது. எம் வகை புதிய தொற்றுக்கு எதிராக முதலிற் புறப்படுவது.

லூப்பஸ் தீவிரமாக இருக்கையில் ஜி வகையின் மொத்த அளவு வழமைக்கு மேலே ஏறியிருப்பதே பொதுவானது. எனவே அது தாழ்ந்திருப்பின் அதற்கெனத் தனிக் காரணம் தேடப்படவேண்டும். அக்காரணங்கள் பெரும்பாலும் நான்கு.

முதலாவது, சிறுநீரகத்தின் வழியே கசிவது. லூப்பஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது அதன் வடிகள் ஓட்டையடைந்து புரதங்களை வெளியேற்றுகின்றன. சிறுநீர் நுரைத்துப் போவதும் கால் வீங்குவதும் இதன் அறிகுறிகள். ஜி வகை அளவிற் சிறியது, ஆதலால் எளிதிற் கசிந்துவிடும். எம் வகை அதனைவிட ஆறு மடங்கு பாரமானது, ஆதலால் தங்கிவிடும். அறிக்கையில் அல்புமினும் ஜி வகையும் தாழ்ந்து, எம் வகை மட்டும் வழமையாக இருந்தால் வைத்தியரின் பார்வை முதலிற் சிறுநீரகத்தை நோக்கித் திரும்பும்.

இரண்டாவது, மருந்துகள். பிறெட்னிசொலோன், சைக்குளோபொஸ்பமைட், மைக்கோபினோலேற் ஆகியன பிறபொருளெதிரி உற்பத்தியைப் பல்வேறு அளவிற் குறைக்கின்றன. றிற்றுக்சிமாப் என்னும் ஊசிமருந்து பீ கலங்களையே அழித்துவிடும். முதிர்ச்சியடைந்து என்பு மச்சையிற் குடியிருக்கும் திரவவிழையக் கலங்களில் இம்மருந்து பற்றும் குறி இல்லை. ஆகவே பழைய பிறபொருளெதிரிகளின் சுரப்பு தொடரும்; புதியன தோன்றுவது தடைப்படும். முதலில் எம் வகை வீழ்வதும், மருந்து பல சுற்றுகள் ஏற்றப்பட்ட பின் ஜி வகையும் தளர்வதும் இதனாலேயே. வலிப்பு நோய்க்குக் கொடுக்கப்படும் சில மருந்துகளும் இவ்வளவுகளைத் தாழ்த்தக்கூடும் என்பதால், உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பெயரையும் வைத்தியருக்குச் சொல்லவேண்டும்.

மூன்றாவது, பிறவியிலேயே அமைந்த அல்லது வாழ்நாளிற் பின்னர் வெளிப்படும் முதனிலைக் குறைபாடு. ஏ வகை மட்டும் இல்லாத நிலை ஐரோப்பியரிற் பல நூறு பேருக்கு ஒருவரிடத்தில் உண்டு. லூப்பஸ் நோயாளரிடையே அது மேலும் பரவலாகக் காணப்படுகிறது. ஜி வகையோடு மற்றவையும் குன்றும் கடுமையான நிலை அரிதானது. டென்மார்க் முழுவதையும் தேடி 2017இல் வெளியான ஆய்வு அத்தகைய வளர்ந்தோர் 179 பேரைக் கண்டது. 26,000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. இக்குறைபாடுடையோரிற் கணிசமானோர் தன்னுடலைத் தாக்கும் நோய்களுக்கும் ஆளாகின்றனர். வேலியின் மேய்ச்சலும் பொட்டும் ஒரே பழுதின் இரு முகங்கள் என்பதை இது காட்டுகிறது.

நான்காவது, நோயேதான். பீ கலங்களின் வளர்ச்சியிலும் நினைவாற்றலிலும் லூப்பஸ் ஏற்படுத்தும் குழப்பத்தினால், மொத்த அளவு போதியதாக இருந்தும் குறித்ததொரு கிருமிக்கெதிரான பங்கு போதாமற் போகலாம். ஊரில் ஆட்கள் நிறைய இருந்தும் வேலியடைக்கத் தெரிந்தவர் இல்லாத நிலைக்கு இது ஒப்பாகும். இதனை அறிய மொத்த அளவு உதவாது; தடுப்பூசி ஏற்றி, அதற்கெதிரான பிறபொருளெதிரி உயர்கிறதா என்று பார்க்கவேண்டும்.

ஓகூஸ் நகர் நடத்திய பரீட்சை

அத்தகைய பரீட்சையொன்று கொரோனாப் பெருந்தொற்றின்போது இயல்பாகவே நிகழ்ந்தது. ஓகூஸ் பல்கலைக்கழக வைத்தியசாலையின் ஆய்வாளர்கள், பைசர் நிறுவனத்தின் தடுப்பூசியை இருமுறை பெற்ற 134 நோயாளரின் குருதியைச் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் 61 பேர் லூப்பஸ் நோயாளர். 73 பேர் மூட்டுவாத நோயாளர். இரண்டாவது ஊசிக்கு ஒரு வாரத்தின் பின், அளக்கத்தக்க பிறபொருளெதிரி 77 சதவீதத்தினரிடத்திலேயே காணப்பட்டது. றிற்றுக்சிமாப் பெற்றிருந்த 17 பேரில் நால்வருக்கு மட்டுமே தடுப்பூசி பலித்திருந்தது.

இம்முடிவைக் கேட்டுத் தடுப்பூசியே வீண் என்று கருதுவது தவறு. பிறபொருளெதிரி தோன்றாதவரிடத்திலும் ரி கலங்கள் ஓரளவு பயிற்சி பெறுகின்றன. மேலும் காலமறிந்து ஏற்றினால் பலன் கூடும். றிற்றுக்சிமாப் ஏற்றிக் குறைந்தது ஆறு மாதத்தின் பின்னரும், அடுத்த சுற்றுக்கு நான்கு வாரத்தின் முன்னரும் தடுப்பூசி இடுவது விரும்பத்தக்கது என ஐரோப்பிய வாதநோய் வைத்தியர் சங்கம் 2019இல் பரிந்துரைத்தது. நோய் கட்டுப்பட்டிருக்கும் வேளையில் ஏற்றுவதே சிறந்தது. இன்புளுவென்சா, நியூமோனியாக் கிருமி ஆகியவற்றுக்கான ஊசிகள் லூப்பஸ் நோயாளருக்கு முக்கியமானவை. உயிருள்ள, வலுக்குறைத்த கிருமிகளைக் கொண்ட சின்னமுத்து, கொப்புளிப்பான், மஞ்சட் காய்ச்சல் ஊசிகளோ, வலுவான அடக்கு மருந்துகளை உட்கொள்வோருக்குப் பொதுவாக ஆகா. தாயகம் செல்வதற்கு முன் பயண ஊசிகளைப் போட்டுக்கொள்வோர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

காய்ச்சல் என்னும் கேள்வி

லூப்பஸ் நோயாளருக்குக் காய்ச்சல் வந்தால், நோய் மறுபடி கிளர்ந்துவிட்டது என்று வீட்டார் முடிவுகட்டுவது வழமை. சிலர் வைத்தியரைக் கேளாமலே பிறெட்னிசொலோன் குளிசையை ஒன்றுக்கு இரண்டாக விழுங்குவதும் உண்டு. காய்ச்சலுக்குக் காரணம் கிருமியாயின், அந்த இரண்டாவது குளிசை இருக்கும் காவலையும் அகற்றிவிடும். காரணம் லூப்பஸாயின், நுண்ணுயிர்கொல்லி மட்டும் கொடுத்துக் காத்திருப்பது சிறுநீரகத்தைப் பலிகொடுப்பதாகலாம். இரண்டையும் வேறுபடுத்தி அறிவது தேர்ந்த வைத்தியருக்கும் எளிதன்று.

இங்கு உதவும் குறிப்புகள் சில உள. சீஆர்பி என்னும் அழற்சிப் புரதம் பற்றீரியாத் தொற்றில் வெகுவாக உயரும். லூப்பஸ் கிளர்ச்சியில் அது பெரும்பாலும் சிறிதளவே உயரும். மூட்டு வீக்கமோ நெஞ்சறை நீர்க்கோவையோ இருப்பின் இது பொருந்தாமற் போகலாம். லூப்பஸ் கிளர்ச்சியில் சீ3, சீ4 தாழ்ந்து, டிஎன்ஏக்கு எதிரான பிறபொருளெதிரி ஏறும். டென்மார்க்கில் விரல் நுனியிலிருந்து ஒரு துளி குருதி எடுத்துச் சீஆர்பி அளவைச் சில நிமிடங்களில் அறியும் வசதி குடும்ப வைத்தியரிடத்திலேயே உண்டு. எனவே காய்ச்சலோடு வீட்டில் நாட்கடத்துவதற்கு நியாயமில்லை. நடுக்கத்தோடு கூடிய காய்ச்சல், மூச்சுத்திணறல், மயக்கம், புத்தித் தடுமாற்றம் ஆகியன தோன்றினால் 112 இலக்கத்தை அழைக்கவேண்டும். பிறெட்னிசொலோனை நெடுங்காலம் உட்கொண்டவர் அதனைத் திடீரென நிறுத்துவதும் உயிராபத்தானது.

எம்மவர் அறியவேண்டியவை

இந்நோய் பெண்களையே பெரிதும் நாடுகிறது; நோயாளர் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். அதிலும் பிள்ளைப்பேற்று வயதினரே அதிகம். தென்னாசிய மக்களுக்கு ஐரோப்பியரைவிட இந்நோய் கூடுதலாக வருகிறது. பிரித்தானியாவின் பேர்மிங்ஹாம் நகரில் 1995இல் வெளியான கணக்கெடுப்பில், ஆசிய வழியினரிடையே லூப்பஸின் பரவல் வெள்ளையரிடையே காணப்பட்டதைப்போல் இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. வண்ணத்துப்பூச்சி வடிவில் முகத்திற் சிவக்கும் தடிப்பு எமது நிறத்தவரிடத்திற் கபிலமாகவோ கருமையாகவோ தோன்றுவதால், அது கவனிக்கப்படாமற் போவதும் உண்டு.

எமக்கே உரிய வேறு சில ஆபத்துகளும் உள. காசநோய்க் கிருமி உடலில் நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, அடக்கு மருந்துகளால் விழித்தெழக்கூடும். வெறுங்காலுடன் மண்ணில் நடக்கையில் தோலினூடாகப் புகும் ஸ்ரொங்கிலோயிடிஸ் என்னும் நுண்புழு, அறிகுறி ஏதுமின்றிப் பல தசாப்தங்கள் குடலில் வாழவல்லது. பிறெட்னிசொலோன் போன்ற மருந்துகள் தொடங்கியதும் அது உடலெங்கும் பரவி உயிரைக் குடிக்கலாம். ஈரலழற்சி பீ வைரசும் றிற்றுக்சிமாப்பின் பின் மீண்டும் தலையெடுக்கக்கூடியது. இம்மூன்றையும் சிகிச்சைக்கு முன்னரே சோதித்தறியவும் மருந்து கொடுத்துத் தடுக்கவும் முடியும். டென்மார்க்கிற் பிறந்து வளர்ந்தோரைப் பார்த்துப் பழகிய வைத்தியருக்கு அந்தப் புழு நினைவில் எழாமற் போகலாம். “நான் இன்ன நாட்டிற் பிறந்தேன், இன்ன வயதுவரை அங்கே வாழ்ந்தேன்” என்று நாமே சொல்லிவைப்பது நன்று.

“நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்” என்று விற்கப்படும் லேகியங்களும் குளிசைகளும் எம்மவர் வீடுகளில் மலிந்துள்ளன. லூப்பஸ் நோயாளரிடத்திற் கூடுவது எந்தச் சக்தி? பொட்டை அடைக்கும் சக்தியா, பயிரை மேயும் சக்தியா? எக்கினேசியா என்னும் மூலிகையையும் அல்பால்பா முளையையும் தவிர்க்குமாறு வைத்தியர்கள் லூப்பஸ் நோயாளருக்கு அறிவுறுத்துவர். பெருந்தொற்றுக் காலத்திற் சீந்திற் கொடியை மருந்தாக உட்கொண்ட ஆறு பேருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதை மும்பாய் வைத்தியர்கள் 2021இல் அறிவித்தனர். அவர்களுட் பலரிடத்தில் தன்னுடலைத் தாக்கும் இயல்பே வெளிப்பட்டது.

மாறாக, எமக்குப் பழக்கமான ஒரு மருந்து இங்கே உற்ற துணையாகிறது. வன்னியில் மலேரியாவுக்கு விழுங்கிய குளோரோகுயினின் உறவான ஐட்ரொக்சிகுளோரோகுயின், லூப்பஸை அடக்கும். தொற்றின் ஆபத்தையோ கூட்டுவதில்லை. அதனைப் பெறுவோரிடத்திற் கடுந்தொற்றுகள் குறைவாகவே காணப்படுகின்றன. “இது மலேரியாக் குளிசைதானே” என்று அதனை இடையில் விட்டுவிடுவோர் இழப்பது பெரிது. கண் பரிசோதனையை மட்டும் ஒழுங்காகச் செய்துகொள்ளவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. மகளின் நோய் வெளியே தெரிந்தால் திருமணம் தடைப்படும் என அஞ்சி, அதனை உறவினரிடம் மட்டுமன்றிச் சில வேளை வேலையிடத்திலும் மறைக்கும் குடும்பங்கள் எம்மிடையே உண்டு. மறைக்கப்படும் நோய்க்கு விடுமுறை கேட்க முடியாது. அடிக்கடி வரும் காய்ச்சலுக்குக் காரணம் சொல்லவும் முடியாது. நோய் கட்டுப்பட்டிருக்கும்போது திட்டமிட்டுக் கருவுற்றுப் பிள்ளை பெற்ற லூப்பஸ் தாய்மார் உலகெங்கும் உள்ளனர். அதுபோலவே வைத்தியரிடம் பேசுவதற்குப் பள்ளிப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்வதும் கைவிடப்படவேண்டிய வழக்கம். தாயின் சிறுநீரில் இரத்தம் போவதைப் பன்னிரண்டு வயது மகன் டேனிஷ் மொழியிற் சொல்ல நேர்வது இருவருக்கும் கொடுமை. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே வைத்தியசாலைக்கு அறிவிக்கலாம்.

பொட்டை அடைக்க வழியுண்டா?

உண்டு. காரணம் எதுவோ அதற்கேற்பவே வழியும் அமையும். சிறுநீரகக் கசிவு லூப்பஸைக் கட்டுப்படுத்தினால் தணியும். மருந்தே காரணமாயின் அதன் அளவைக் குறைப்பதோ வேறு மருந்துக்கு மாறுவதோ வைத்தியரின் தெரிவு. பிறெட்னிசொலோனை இயன்றவரை நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்படாது வைத்திருக்கவேண்டும் என்பது ஐரோப்பிய வைத்தியர் சங்கத்தின் 2023ஆம் ஆண்டுப் பரிந்துரை. நுரையீரற் தொற்றுகள் அடிக்கடி வருமாயின், தடுப்புமுறையாக நுண்ணுயிர்கொல்லி கொடுக்கப்படும். சல்பா வகை மருந்துகள் லூப்பஸ் நோயாளர் சிலருக்கு ஒவ்வாமையையும் கிளர்ச்சியையும் உண்டாக்கும் என்பதால் அவ்விடயத்தில் எச்சரிக்கை தேவை.

ஜி வகை வெகுவாகக் குறைந்து, கடுந்தொற்றுகளும் மீண்டும் மீண்டும் வருவோருக்குப் பிறபொருளெதிரியையே ஏற்றுவர். ஃபீபிகர் குதிரையிடம் இரவல் வாங்கினார்; இன்று இரவல் தருவோர் மனிதர். ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் குருதிநீரை ஒன்றுசேர்த்துத் தூய்மையாக்கிய மருந்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை நாளத்தினூடாகவோ, வாரந்தோறும் தோலின் கீழாக வீட்டிலேயோ செலுத்தப்படும். ஜி வகை உடலில் ஏறத்தாழ மூன்று வாரத்திற் பாதியாகக் குறைவதால் இது தொடரவேண்டிய சிகிச்சையாகும். அளவு குறைந்த எல்லோருக்கும் இது தேவைப்படுவதில்லை. தொற்றுகளின் வரலாறே முடிவைத் தீர்மானிக்கும்.

புதிய நம்பிக்கையொன்று ஜேர்மனியின் எர்லாங்கன் நகரிலிருந்து வந்துள்ளது. நோயாளரின் ரி கலங்களை வெளியே எடுத்து, பீ கலங்களை வேட்டையாடுமாறு மாற்றி, மீண்டும் உடலிற் செலுத்தினர் அந்நகர வைத்தியர்கள். 2022இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையின்படி, கடுமையான லூப்பஸ் கொண்ட ஐவரும் நோய் தணிந்து, லூப்பஸ் மருந்துகள் இன்றி வாழத் தொடங்கினர். சராசரியாக 110 நாட்களின் பின் பீ கலங்கள் புதிதாகத் தோன்றின. முன்னர் போட்ட தடுப்பூசிகளால் உண்டான பிறபொருளெதிரிகள் பெரும்பாலும் அழியவில்லை. மேயும் வேலியை அகற்றியும் பழைய காவலைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு இது முதற் சான்று. நோயாளர் ஐவரே என்பதையும், இச்சிகிச்சை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது என்பதையும் மறத்தலாகாது.

வைத்தியரிடம் கேட்கவேண்டிய ஐந்து கேள்விகள்

இக்கட்டுரை வைத்திய ஆலோசனைக்கு ஈடாகாது. ஆனால் அடுத்த முறை வைத்தியரிடம் செல்லும்போது, லூப்பஸ் நோயாளர் கீழ்வரும் கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லலாம்.

ஒன்று: என் இமியூனோகுளோபியூலின் ஜி, ஏ, எம் அளவுகள் எப்போது கடைசியாகப் பார்க்கப்பட்டன? றிற்றுக்சிமாப் தொடங்குமுன் ஒருமுறையும், பின்னர் காலத்துக்குக் காலமும் பார்க்கப்படுமா?

இரண்டு: அளவு குறைந்திருந்தால், காரணம் சிறுநீரகமா, மருந்தா, வேறெதுவுமா?

மூன்று: எனக்குரிய தடுப்பூசிகள் எவை? அடுத்த மருந்துச் சுற்றுக்கு முன் அவற்றை எப்போது போடவேண்டும்?

நான்கு: காசநோய், ஈரலழற்சி பீ, குடற்புழு ஆகியவற்றுக்கு என்னைச் சோதித்தாயிற்றா?

ஐந்து: காய்ச்சல் வந்தால் இரவிலும் வார இறுதியிலும் யாரை அழைப்பது? அப்போது எந்த மருந்தை நிறுத்துவது, எதை நிறுத்தக்கூடாது?

டென்மார்க்கில் ஒருவர் தம் குருதி அறிக்கைகளை அரச சுகாதார இணையத்தளத்திற் தாமே திறந்து பார்க்கலாம். அங்கே டிஎன்ஏக்கு எதிரான பிறபொருளெதிரி ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், அதே அறிக்கையில் ஐஜிஜி என்ற சுருக்கெழுத்துக்கு எதிரே உள்ள இலக்கத்தையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டின் இலக்கங்களை வரிசையாக எழுதி வைத்தால், அது இறங்கிச் செல்கிறதா என்பது உங்கள் கண்ணுக்கே தெரியும்.